வரிசையைத் தாண்டும் சீட்டு: வாங்கலாமா, வேண்டாமா?

வழக்கமா இந்தப் பக்கத்தில் செஞ்சிக் கோட்டை, கல்வெட்டு, குளம் என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை தண்ணீர்ப் பூங்கா. காரணம் வீட்டு வாட்ஸ்அப் குழுதான். கோடை விடுமுறையில் எங்க வீடு, அண்ணன் வீடு, மச்சான் வீடு மூணும் சேர்ந்து வேன் பேசி ஒரு பூங்காவுக்குப் போறதா பேச்சு. டிக்கெட் போடும் பக்கத்தில் சாதாரணச் சீட்டுக்குப் பக்கத்திலேயே வரிசையில் நிற்காமல் முன்னால் போகும் சீட்டும் இருந்தது. "இதைப் போடலாமா?" என்று மச்சான் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில் கோயில், சுங்கச்சாவடி, தெருக்குழாய் எல்லாம் உள்ளே வந்துவிட்டது. அந்தக் குறிப்புதான் இது.

விற்கப்படுவது என்ன?

நம்ம பக்கத்தில் தெரிந்த உதாரணம் வொண்டர்லா. 2000-ல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் ஆரம்பித்து, 2005-ல் பெங்களூரு, 2016-ல் ஹைதராபாத், 2024-ல் புவனேஸ்வர், 2025 டிசம்பரில் சென்னைக்கு வெளியே திருப்போரூர் பக்கம் என்று வளர்ந்த நிறுவனம். ஃபாஸ்ட்ராக் என்ற பெயரில் தனிச்சீட்டு விற்கிறார்கள். உலக அளவில் பிரபலமான உதாரணம் டிஸ்னி. 1999-ல் அவர்கள் கொண்டுவந்த ஃபாஸ்ட்பாஸ் நுழைவுச்சீட்டோடு எல்லாருக்கும் இலவசம். இயந்திரத்தில் சீட்டைக் காட்டினால் "இத்தனை மணிக்கு வா" என்று ஒரு தாள் வரும். அதுவரை வேறு எங்காவது சுற்றலாம். கொரோனா காலத்தில் அது நின்றது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் காசுக்குத் திரும்பி வந்தது. 2024-ல் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாற்றினார்கள்.

இலவசமாக இருந்தது காசுக்கு மாறியபோது, விற்கிற பொருளும் மாறிவிட்டது என்பது என் வாதம். அதைச் சொல்ல முதலில் ஒரு சின்னக் கணக்கு.

பத்துப் பேர் கணக்கு

ஒரு ஸ்லைடில் நிமிடத்துக்கு ஒருத்தர் சறுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் பத்துப் பேர். பத்தாவது ஆள் காசு கொடுத்து முதல் இடத்துக்குப் போகிறார். அவருக்கு 9 நிமிடம் மிச்சம். மீதி ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு நிமிடம் தாமதம், மொத்தம் 9 நிமிடம். மிச்சமும் நஷ்டமும் நேருக்கு நேர். அவ்ளோதான் விஷயம்.

வரிசைகளைக் கணக்காகப் பார்க்கும் துறையை 1909-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் தொடங்கிவைத்தார். 1965-ல் லெனார்டு கிளைன்ராக் இந்தப் பத்துப் பேர் விஷயத்தைப் பொதுவான விதியாகவே நிறுவினார். வேலை செய்யும் வேகம் மாறாதவரை, யாருக்கு முன்னுரிமை கொடுத்தாலும் மொத்தக் காத்திருப்பு மாறாது, கை மட்டும் மாறும். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. பிராசஸருக்கு வரும் வேலைகளில் சிலவற்றுக்கு முன்னுரிமை கொடுத்தால் மற்றவை பின்னால் போகும். அளவு மீறினால் கடைசி வேலைக்கு முறையே வராது. அதற்காகத்தான் ரொம்ப நேரம் காத்திருக்கும் வேலைக்கு முன்னுரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வழக்கம் இருக்கு. பூங்கா வரிசையில் நிற்கிற சாதாரண ஆளுக்கு அப்படி யாரும் ஏற்றிவிடுவதில்லை.

ஸ்லைடின் வேகத்தை நினைத்தபடி கூட்டவும் முடியாது. முன்னால் போனவர் கீழே தண்ணீரை விட்டு வெளியேறினார் என்று கைகாட்டிய பிறகுதான் மேலே இருப்பவர் அடுத்த ஆளை விடுவார். அது பாதுகாப்பு விஷயம். ராஜகிரி ஏறியவர்களுக்கு இது எளிதில் புரியும். உச்சிக்குப் போகும் முன் பிளவு ஒன்றின் மேல் குறுகலான பாலம் வரும். கீழே எவ்வளவு அகலமான வாசல்கள் இருந்தாலும் மேலே போகிறவர்கள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அந்தப் பாலம்தான். கோட்டை கட்டியவர்கள் எதிரிக்காக அதை வேண்டுமென்றே குறுக்கினார்கள். ஸ்லைடில் அந்தக் குறுகல் உயிர்காக்கும் தேவை.

இப்போது கொஞ்சம் பெரிய எண். 15 நொடிக்கு ஒருத்தர் என்றால் மணிக்கு 240 பேர். உங்களுக்கு முன்னால் 120 பேர் நிற்கிறார்கள், அப்படியென்றால் அரை மணி நேரம். நீங்கள் நிற்கும்போதே மணிக்கு 60 பேர் தனிச்சீட்டோடு வந்து முன்னால் போனால் உங்கள் வரிசைக்கு மணிக்கு 180 இடம்தான் மிச்சம். காத்திருப்பு 40 நிமிடம். மணிக்கு 120 பேர் அப்படி வந்தால் ஒரு மணி நேரம். நடுவில் ஸ்லைடில் எந்தக் கோளாறும் இல்லை, ஊழியர் யாரும் சோம்பல்படவில்லை. உங்கள் அரை மணி நேரம் வேறு யாருக்கோ விற்கப்பட்டிருக்கு.

இதில் இன்னொரு சங்கதி. காத்திருக்க வேண்டாதவர் ஒரே ஸ்லைடுக்கு மூணு தடவை போவார். பூங்கா மூடும் நேரம் மாறாது. அந்த இரண்டு கூடுதல் சுற்றும் யாரோ ஒருவரின் கடைசிச் சுற்று.

காசுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

நியாய அநியாயத்தை ஓரம் வைத்துவிட்டு, வாங்குகிறவர் பக்கம் மட்டும் பார்ப்போம். விலை நாளுக்கு நாள் மாறுவதால் நான் எடுப்பது உத்தேச எண்கள். கூடுதல் கட்டணம் ஆளுக்கு 1,200 ரூபாய். நீண்ட வரிசை உள்ள ஸ்லைடுகள் ஆறு.

மே மாத ஞாயிறு: ஸ்லைடுக்கு 30 நிமிடம் மிச்சம், ஆறுக்கும் சேர்த்து 3 மணி நேரம். மணிக்கு 400 ரூபாய்.

பள்ளி திறந்த பிறகு ஒரு புதன்கிழமை: ஸ்லைடுக்கு 5 நிமிடம் மிச்சம், மொத்தம் அரை மணி நேரம். மணிக்கு 2,400 ரூபாய்.

ஒரே சீட்டுதான், ஆனால் நாளைப் பொறுத்து மதிப்பு ஆறு மடங்கு மாறுது. "வாங்கலாமா" என்பதற்கு முன் "என்றைக்குப் போகிறோம்" என்று கேட்பதுதான் சரி. கூடவே இன்னும் மூணு விஷயம் பாருங்க.

ஒன்று, தண்ணீர்ப் பூங்காவில் பாதி இன்பத்துக்கு வரிசையே கிடையாது. அலைக்குளம், ரெயின் டான்ஸ், டியூபில் மிதந்து போகும் கால்வாய், சின்னப் பிள்ளைகளின் குளம் எதிலும் தாண்ட வரிசை இல்லை. அங்கேதான் உங்கள் வீட்டார் பாதி நாளைக் கழிப்பார்கள் என்றால் அந்தப் பாதிக்குக் கொடுத்த காசு வீண்.

இரண்டு, உயரக் கட்டுப்பாடு. பெரிய ஸ்லைடுகளில் குறைந்தபட்ச உயரம் இல்லாத பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். ஏற முடியாத ஸ்லைடுக்கு வரிசையைத் தாண்டும் சீட்டு எதற்கு? கீழே பை, கண்ணாடி, செருப்புக்குக் காவல் இருக்கப்போகிற பெரியம்மாவுக்கும் இதேதான்.

மூணு, எந்த ஸ்லைடுக்கெல்லாம் செல்லும், ஒரு ஸ்லைடுக்கு ஒரு தடவையா பல தடவையா என்ற நிபந்தனை. இதைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது.

செஞ்சியிலிருந்து கிளம்புகிற நமக்கு ஒரு எதிர்வாதமும் இருக்கு. சென்னைக்காரர் பக்கத்திலேயே இருப்பதால் புதன்கிழமை பார்த்துப் போகலாம். நாம் விடியற்காலை வேன் ஏறி, திண்டிவனம் தாண்டி, வருஷத்தில் ஒரு நாள் போகிறவர்கள். விட்டால் அடுத்த வருஷம்தான். அதனால் ஒரு மணி நேரத்தின் மதிப்பு நமக்கு அதிகம் என்பது சரியான வாதம். அதே சமயம், திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் நேராகப் பெரிய ஸ்லைடுக்குப் போவது, எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் ஏறுவது, பலரும் உடை மாற்றப் போகும் கடைசி நேரத்தில் இன்னொரு தடவை ஏறுவது, இந்த மூணும் செலவில்லாமல் பாதி வேலையைச் செய்துவிடும். சீட்டு மிச்சப்படுத்தும் நேரத்தை இந்தப் பழக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கணும்.

குடம் நிற்கும் வரிசை

டிஸ்னி 1999-ல் செய்ததை நம்ம தெருக்கள் அதற்கு ரொம்ப முன்னாடியே செய்துகொண்டிருந்தன. குழாயடியில் குடம் வரிசையில் நிற்கும், ஆள் வீட்டுக்குப் போய் உலை வைப்பார். ரேஷன் கடை வாசலில் பையும் மண்ணெண்ணெய் கேனும் நிற்கும், சில நேரம் செருப்பும் கல்லும்கூட நிற்கும். முறை மாறாது, நிற்கிற வேதனை மட்டும் குறையும். என் குடமும் உங்கள் குடமும் ஒண்ணுதான். காசுள்ள வீட்டுக் குடம் என்று தனியாக ஒன்று கிடையாது. சண்டை வந்தால் "உன் குடம் எங்க இருந்துச்சு" என்பதில்தான் வரும்.

1999-ன் ஃபாஸ்ட்பாஸ் இந்தக் குடம்தான். 2021-க்குப் பிறகு வந்தது வேறு. அங்கே விற்கப்படுவது மற்றவருக்கு முன்னால் நிற்கும் இடம். இரண்டையும் வேகப் பாதை என்று ஒரே மாதிரி அழைப்பதால் வித்தியாசம் மறைந்துவிடுது.

மூணாவதாக ஒரு வகையும் இருக்கு. பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளில் பண்டிகை நாளில் சில்லறைக்காக நின்றவர்களுக்கு நினைவிருக்கும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாச்சு. ஒரு வண்டிக்கு ஆகும் நேரமே குறைந்ததால் எல்லாருக்கும் லாபம். பேர் ஏறக்குறைய ஒண்ணுதான், ஃபாஸ்ட்ராக், ஃபாஸ்டேக். ஒன்று முறையை மாற்றுது, இன்னொன்று வேகத்தைக் கூட்டுது. புதுசா எந்தச் சீட்டு வந்தாலும் இந்த இரண்டில் எது என்று முதலில் கேட்கணும்.

சாண்டல் சொல்வதும் நம்ம ஊரும்

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் புத்தகம் மைக்கேல் சாண்டல் 2012-ல் வெளியிட்ட 'வாட் மனி கான்ட் பை'. முதல் அத்தியாயமே வரிசையைத் தாண்டுவது பற்றியதுதான். விமான நிலையத் தனிவழி, கேளிக்கைப் பூங்கா, கூலிக்கு வரிசையில் நிற்கும் ஆட்கள், டாக்டரைப் பார்க்கும் டோக்கன் கள்ளச்சந்தை என்று வரிசையாக எடுத்து வைக்கிறார். அவர் ஆட்சேபம் இரண்டு. ஒன்று நியாயம்: காசில்லாதவர் பின்னால் தள்ளப்படுகிறார். இரண்டு சீரழிவு: சில பொருட்களை விலை போட்டு விற்றால் அந்தப் பொருளின் தன்மையே கெடும். காத்திருந்து முறை பெறுவது ஒரு பொது ஒழுக்கம், சந்தை அதைத் தின்றுவிடுகிறது என்பது அவர் கவலை.

நல்ல புத்தகம். எளிமையாகக் கேள்வி கேட்கும் கலை அவருக்குத் தெரியும். ஆனாலும் செஞ்சியில் உட்கார்ந்து படிக்கும்போது இரண்டு இடத்தில் இடிக்குது.

முதலாவது, "முன்பு ஒழுங்கான வரிசை இருந்தது, பிறகு சந்தை வந்து கெடுத்தது" என்ற கதை அவர் ஊருக்குப் பொருந்தலாம். நமக்கு? சந்தை வருவதற்கு முன்பே நம்ம வரிசை உடைந்துதான் இருந்தது. உடைத்தது காசு இல்லை, சிபாரிசு. தொலைபேசி இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் ஓ.ஒய்.டி. என்று கூடுதல் வைப்புத்தொகை கட்டி முன்னால் போகும் பிரிவு இருந்தது. அதற்கும் முன்னால் போனது தெரிந்த அதிகாரியின் கடிதம். கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டுக்கு முன்பே "ஐயா வந்திருக்காங்க" என்ற பக்கவாசல் உண்டு. திருப்பதியில் 300 ரூபாய்ச் சீட்டை ஒரு கொத்தனாரும் வாங்கலாம், கலெக்டரும் வாங்கலாம். சிபாரிசுக் கடிதம் கொத்தனாருக்குக் கிடைக்காது. ஆக, வெளிப்படையாக விலை போட்ட சீட்டு சில இடங்களில் பழைய அநியாயத்தைவிட ஒரு படி மேல். சாண்டலின் தராசில் இந்தப் படி இல்லை.

இரண்டாவது, சீரழிவு வாதம் தண்ணீர்ப் பூங்காவில் நிற்காது. ஸ்லைடுக்குப் புனிதம் ஏதும் இல்லை. இங்கே உண்மையான சிக்கல் வேறு: வரிசையை நடத்துகிறவரும், வரிசையைத் தாண்டும் சீட்டை விற்கிறவரும் ஒருவரே. சாதாரண வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு மதிப்பு தனிச்சீட்டுக்கு. இரண்டாவது ஸ்லைடு கட்டினால் வரிசை குறையும், சீட்டு விற்காது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாபக்கணக்கு அந்தத் திசையில்தான் இழுக்கும். நிரல் எழுதும்போது, வேகத்தை அளக்கிறவருக்குத் தாமதத்தால் லாபம் வராதபடி பார்த்துக்கொள்வோம். இங்கே அந்தப் பிரிவினை இல்லை. நான் இந்தச் சீட்டை விமர்சிக்க முதல் காரணம் ஏழை பணக்காரர் வாதத்தைவிட இதுதான்.

எல்லாரும் ஒரே நேரத்தில்

மேல்மலையனூர் செஞ்சியிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில்தான். அமாவாசை இரவு அங்காளம்மனைப் பார்க்கப் பல மாவட்டங்களிலிருந்து பஸ் வரும். கருவறைக்குப் போக நீண்ட வரிசை, அது ஒவ்வொருத்தராகத்தான் நகரும். ஆனால் அந்த இரவின் உச்சம் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம். அம்மன் வெளியே மண்டபத்து ஊஞ்சலில் ஆட, திடலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். அங்கே தாண்டுவதற்கு வரிசையே இல்லை. ஒவ்வொருவராகத் தரவேண்டியதை எல்லாருக்கும் சேர்த்துத் தரும் வடிவம் அது. பூங்காவின் அலைக்குளமும் அதே வடிவம்தான். வரிசைப் பிரச்சினைக்கு நல்ல தீர்வு இப்படி வடிவத்தை மாற்றுவதில் இருக்கு, சீட்டு அச்சடிப்பதில் இல்லை.

நேர ஒதுக்கீடு நல்ல வழி என்றேன். அதற்கும் எல்லை உண்டு. திருப்பதியில் இலவச தரிசனத்துக்கும் நேரம் குறித்த டோக்கன் தருகிறார்கள், நிற்கும் நேரம் குறைகிறது. ஆனால் 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட வாசல் தரிசன டோக்கன் வாங்கக் கூடிய நெரிசலில் ஆறு பேர் இறந்துபோனார்கள். வரிசையைக் குறைக்க வந்த டோக்கனுக்கே ஒரு வரிசை, அதுவும் கொல்லும் வரிசை. குடம் வைத்தால் மட்டும் போதாது, குடம் வைக்கிற இடத்தில் தள்ளுமுள்ளு வராமலும் பார்க்கணும்.

என் முடிவு

மச்சானின் கேள்விக்கு வருகிறேன். தலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஒன்று விட்டுப்போகுது. நாங்க 11 பேர், மூணு வீடு. ஒரு வீட்டுக்கு 4,800 ரூபாய் கூடுதல் பெரிசில்லை, இன்னொரு வீட்டுக்கு அது பள்ளி திறக்கும்போது வாங்கும் நோட்டுப் புத்தகக் காசு. ஒரு வீடு மட்டும் வாங்கினால் ஒன்றாக வேனில் வந்த அண்ணன் தம்பி பிள்ளைகள் ஸ்லைடு படிக்கட்டில் இரண்டாகப் பிரிவார்கள். ஒருத்தன் சூடான சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்க, இன்னொருத்தன் பக்கத்து வழியில் ஏறிப்போவான். அந்த அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் கற்றுக்கொள்வதற்கு நான் விலை போட மாட்டேன். வரிசையில் நிற்கிற நேரம் முழுக்க நஷ்டம் என்பதும் சரியில்லை. பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்துவதும், "நீ முதல்ல போ" என்று தள்ளுவதும் அங்கேதான் நடக்கும்.

அதனால் குழுவில் நான் போட்ட பதில் இது:

1. சேர்ந்து போனால் எல்லாருக்கும் வாங்கணும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

2. மே மாத ஞாயிறு, எல்லாரும் உயரம் தாண்டியவர்கள், ஸ்லைடுக்காகவே போகிறோம், வருஷத்துக்கு ஒரு தடவைதான். இந்த நாலும் ஒன்றாகப் பொருந்தினால் சீட்டு காசுக்குத் தகும்.

3. ஒன்று பொருந்தாவிட்டாலும் நாளை மாற்றுவதுதான் மலிவு. பள்ளி திறந்த வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டால் 11 பேருக்கும் சேர்த்து 13,200 ரூபாய் மிச்சம்.

பூங்கா நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டு. சாதாரண வரிசையின் இப்போதைய காத்திருப்பு நேரத்தை ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் எழுதி வைக்கலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை இடம் தனிச்சீட்டுக்குப் போகும் என்ற உச்சவரம்பையும் முன்கூட்டியே சொல்லலாம். வாங்குகிறவர், வாங்காதவர் இரண்டு பேரும் தெரிந்துகொண்டு முடிவு செய்ய இது போதும்.

கடைசியாக எங்க ஊர் கவலை ஒன்று. 2025 ஜூலையில் மராட்டியர் ராணுவக் கோட்டைகள் வரிசையில் செஞ்சிக்கும் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. இனி கூட்டம் கூடத்தான் செய்யும். இன்றைக்கு வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் நம்மைவிடப் பல மடங்கு, ஆனாலும் ராஜகிரியில் அவருக்கென்று தனிப் படிக்கட்டு கிடையாது, அவரும் அதே வெயிலில் அதே பாலத்துக்காக நின்றுதான் போகணும். நெரிசல் வரும்போது நேரம் குறித்த சீட்டு கொடுக்கட்டும், வரவேற்பேன். முன்னால் போகும் சீட்டு என்று யாராவது ஆரம்பித்தால் இந்தப் பத்துப் பேர் கணக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பேசலாம்.

அடுத்த குறிப்பில் வழக்கம்போல் கோட்டைக்கே திரும்பி, சக்கரக்குளத்தையும் செட்டிக்குளத்தையும் பார்ப்போம்.